ஆறு இஞ்ச் ரெண்டு நூல்

மாமாவின் கம்ப்யூட்டரை மூன்றாவது முறை திறந்தபோது உள்ளே கம்பளி இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ப்ராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் பஞ்சு இறுகி, சாம்பல் நிறத்தில், வெட்டி எடுத்தால் ஒரு சாக்ஸ் தைக்கலாம் என்கிற கனத்தில் படிந்திருந்தது. விரலால் நெம்பினேன். அச்சு வார்த்த மாதிரி ஒரே துண்டாக வெளியே வந்தது. தகட்டின் வரிசைகள் அத்தனையும் அதில் பதிந்திருந்தன.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது மாமாவின் தறிக்கூடம். எட்டு விசைத்தறி, எல்லாம் லுங்கி. முன் அறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். 2017 ஜூலை வரைக்கும் அந்த மேசையில் நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டுதான் இருந்தது. ஜி.எஸ்.டி. வந்தது, அடுத்த ஏப்ரலில் இ-வே பில் வந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு கட்டு லுங்கிகூட லாரி ஏற முடியாது. கம்ப்யூட்டர் நின்றால் சரக்கு நிற்கும், சரக்கு நின்றால் கூலி நிற்கும். ‘ஒரு டப்பாவுக்குள்ள பஞ்சு போனா எட்டுத் தறியும் நிக்குதுடா’ என்று மாமா சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அலுப்புதான் இருந்தது.

தறி ஓடுகிற இடத்தில் பஞ்சு பறப்பதைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறை ஊடை என்கிற குறுக்கு நூலைச் சுமந்து நாடா ஓடும்போதும், ஒவ்வொரு முறை அச்சு அந்த ஊடையை அடித்துச் சேர்க்கும்போதும், நீளவாக்கில் நிற்கும் பாவு நூல் உரசி அதிலிருந்து குட்டை இழைகள் காற்றில் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் கதவைத் தாண்டி முன் அறைக்கு வரும். அங்கே ஒரு ஃபேன் காற்றை உறிஞ்சிக்கொண்டு காத்திருக்கும்.

பழைய கேபினெட்டில் ஃபேன் பின்பக்கம் இருந்தது, சூடான காற்றை வெளியே தள்ளுகிற மாதிரி. வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். அது எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கெல்லாம் நுழையும்: யு.எஸ்.பி. துளை, மூடியின் விளிம்பு, கீழே இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள். எல்லா இடுக்கு வழியாகவும் பஞ்சோடு சேர்ந்தே வரும். முன்பக்கம் பளபளவென்று கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி, அதற்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக எரியும் விளக்கு. காற்று நேர்வழியாக நுழைய முன்பக்கம் வழியே இல்லை.

விற்ற கடையில் கேட்டேன். ஏசி அறையில் வையுங்கள் என்றார்கள். மாமாவிடம் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். ‘ஏசிக் காத்து காய்ஞ்ச காத்து. பக்கத்துல ஏசி ஓடினா பாவு பட்டுபட்டுன்னு அறுந்துக்கிட்டே இருக்கும்.’ தறிக்கூடத்துக்கு ஈரப்பதம் வேண்டும், கம்ப்யூட்டருக்கு வேண்டாம். ஒன்றின் உயிர் மற்றதன் நோய். அந்தக் கேபினெட்டை வடிவமைத்த மனிதருக்குத் தறி என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் மனதில் இருந்தது ஒரு குளிர்ந்த அறை, ஒரு சுத்தமான மேசை. எங்கள் ஊர்ப்பக்கம் வெயில் காலத்தில் நாளிதழ்களில் ‘திருத்தணியில் வெயில் சதமடித்தது’ என்று வராத வாரம் குறைவு. அந்தச் சதம் ஃபாரன்ஹீட்டில் நூறு, செல்சியஸில் 37.8. அதற்கு மேலும் ஏறும்.

நாமே ஒன்று செய்துவிடலாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கம்ப்யூட்டர் பிறந்த கதையில் பெட்டியை யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் ஊரில் பெட்டி முழுவதையும் ‘சிபியு’ என்றே சொல்லிவிடுகிறோம். சென்னை ரிச்சி தெருவில் மட்டும் அதன் பெயர் கேபினெட். ஆனால் பெட்டிக்கென்று தனிச் சரித்திரம் உண்டு. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தது, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கம்ப்யூட்டர் என்ற எண்ணத்தை உலகத்துக்குப் பரப்பிய படம். அந்தப் படத்தில் இருந்தது வெறும் பெட்டி. உண்மையான மாதிரி அனுப்பும் வழியில் தொலைந்துபோனதால், விளக்கும் சுவிட்சும் பொருத்திய ஒரு காலிப் பெட்டியை வைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆப்பிள் 1 இதற்கு நேர் எதிர். 666 டாலர் 66 சென்டுக்கு விற்றது சர்க்யூட் பலகை மட்டும்தான், பெட்டி கிடையாது. வாங்கியவர்களில் சிலர் மரத்தில் தாங்களே அடித்துக்கொண்டார்கள். அந்த மரப்பெட்டிகளில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மர ஆணியும் பிசிறும் தெரியும் அவற்றின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தைரியம் வரும்.

எங்களைப் போன்றவர்கள் இன்று வீட்டில் பெட்டி செய்ய முடிகிறதென்றால் அதற்குக் காரணம் 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை. பலகையில் திருகு ஓட்டைகள் எங்கே இருக்க வேண்டும், பின்பக்கத் துளைகள் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அது வரையறுத்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த நாட்டில் செய்த பலகையானாலும் எந்த நாட்டுப் பெட்டியிலும் உட்காரும். 2001-இல் வியா நிறுவனம் அதே ஓட்டைக் கணக்கை வைத்துப் பலகையை 170 மில்லிமீட்டர் சதுரமாகச் சுருக்கியது. அது மினி ஐ.டி.எக்ஸ். மாமாவின் மேசைக்கு நான் தேர்ந்தெடுத்தது அந்தச் சின்னப் பலகையைத்தான். கணக்கு எழுத அதுவே தாராளம்.

அளவுத் தாளை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன்.

அரக்கோணம் சாலையில் இருக்கும் அந்தப் பட்டறை முக்கால்வாசி தறி உதிரிப் பாகங்களால் வாழ்கிறது. தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த பல்சக்கரம், ஓட்டை பெரிதாகிப்போன புஷ். பட்டறைக்கார அண்ணாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், எண்ணும்போது மட்டும் எப்போதும் தெலுங்கு. வெர்னியரைப் பிடித்துக்கொண்டு ‘ஒகட்டி, ரெண்டு, மூடு’ என்று உதட்டுக்குள் சொல்வார். 1960 ஏப்ரல் முதல் தேதிதான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியதால் எண்ணும் மொழி மாறிவிடுமா என்ன?

நான் மில்லிமீட்டரில் அளவுகளைப் படித்தேன். பின்பக்கத் துளைகள் வெளியே தெரிய வேண்டிய செவ்வகம் அகலம் 158.75, உயரம் 44.45. அண்ணா முகம் சுளித்தார்.

‘என்ன தம்பி அளவு இது? புள்ளி எழுபத்தஞ்சு, புள்ளி நாப்பத்தஞ்சு. இஞ்ச்ல சொல்லு.’

கால்குலேட்டரில் 25.4-ஆல் வகுத்தேன். ஆறே கால். ஒண்ணே முக்கால். மிச்சம் எதுவும் இல்லை.

‘ஆறு இஞ்ச் ரெண்டு நூல். ஒரு இஞ்ச் ஆறு நூல்’ என்றார் அண்ணா. சாக்பீஸால் தகட்டின் மேல் அப்படியே எழுதினார். ‘இப்படிச் சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.’

நம் தச்சரும் கொத்தனாரும் லேத்காரரும் ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்தையும் நூல் என்பார்கள். மெட்ரிக் முறை நாட்டுக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பட்டறைகளில் நூல் அறுபடவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் அது அறுபடாமல் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். வெளியே மில்லிமீட்டர் உடை உடுத்தியிருக்கும் அந்த அளவுகளெல்லாம் உள்ளுக்குள் இஞ்ச். பலகையில் முள் முள்ளாக நிற்கும் இணைப்புகளின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அதாவது இஞ்சில் பத்தில் ஒன்று. கார்டு செருகும் இடங்களுக்கு நடுவே 20.32, அதாவது இஞ்சில் பத்தில் எட்டு. பலகைக்கு மின்சாரம் கொடுக்க நான் வாங்கிய சின்ன எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஒரு பக்கம் 63.5, ரெண்டு இஞ்ச் நாலு நூல். பலகையைத் திருகும் ஓட்டையின் விட்டம் ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர். அண்ணா வெர்னியர் வைத்துப் பார்த்து ‘ஒண்ணேகால் நூல்’ என்றார். சரியாக அதேதான். 120 மில்லிமீட்டர் ஃபேனின் திருகு ஓட்டைகளுக்கு நடுவே 105 மில்லிமீட்டர். அது மட்டும் மெட்ரிக்கில் பிறந்த அளவு. அதைக்கூட அண்ணா ‘நாலு இஞ்ச் ஒரு நூல்’ என்று எழுதிக்கொண்டார். வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. திருகு அதைப் பொறுத்துக்கொண்டது.

திருகு பற்றியும் ஒரு சங்கடம். பலகையைத் தகட்டில் படாமல் தூக்கி நிறுத்தப் பித்தளையில் குட்டிக் கால்கள் வேண்டும். கடைக் கேபினெட்டில் அந்தக் கால்களுக்கு அமெரிக்க மரை, இஞ்சுக்கு 32 புரி. அந்த மரை வெட்டும் டேப்பைத் தேடி நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. நம் கடைகளில் மூணு எம்.எம்., நாலு எம்.எம். டேப்தான் கிடைக்கும். அண்ணா பலகையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இதுல மரையே இல்லியேப்பா. வெறும் ஓட்டை. ஓட்டைக்குள்ள எந்தத் திருகு போனா என்ன?’ மூன்று நாள் தேடியதற்கு விடை அந்த ஒரு வாக்கியம். ஆறுபட்டைப் பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்து, ஆறரை மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ரெண்டரை டிரில் பிட் இறக்கி, மூணு எம்.எம். டேப் போட்டார். நாலு கால் கேட்டேன், ஆறு செய்தார். ரெண்டு காணாமல் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒன்று போனது.

இனி பஞ்சுக்கு என்ன செய்வது?

கடையில் விற்கும் நைலான் வலை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பஞ்சு வலைக்குள் பின்னிக்கொண்டது. தட்டினாலும் போகவில்லை, கழுவினால் நூலாய்த் திரிந்தது. வலையின் கண்ணுக்கு நாலு பக்கமும் விளிம்பு இருக்கிறது. இழை எங்கே போனாலும் ஏதாவது ஒரு விளிம்பில் சுற்றிக்கொள்ளும்.

அத்தை நாடாவுக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சொன்னார்: ‘பழைய அச்சு ஒண்ணு வெச்சுப் பாரேன். தறியில பஞ்சு வந்து அதுமேலதான் நிக்குது. சாயங்காலம் பிரஷ் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா மொத்தமா வந்துடுது.’

தறியைப் பார்க்காதவர்களுக்கு அச்சு என்றால் விளங்காது. சீப்பின் பற்களை ரெண்டு பக்கமும் மூடினால் எப்படி இருக்கும், அது. மெல்லிய தட்டையான எஃகுக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் ஒரே இடைவெளியில் செங்குத்தாக நிற்கும், மேலும் கீழும் ஒரு சட்டம் அவற்றைப் பிடித்திருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் பாவு நூல் நுழையும். ஊடை விழுந்ததும் இந்த அச்சு முன்னால் வந்து அதை அடித்துச் சேர்க்கும். துணியின் நெருக்கத்தைத் தீர்மானிப்பது இதுதான். கம்பி வளைந்துவிட்டாலோ தேய்ந்துவிட்டாலோ துணியில் கோடு விழும், அச்சைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். மாமாவின் சுவரில் அப்படி ஏழெட்டுத் தொங்கின.

அத்தை சொன்னதன் அருமை அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அச்சுக்குக் குறுக்குக் கம்பி கிடையாது. எல்லாம் ஒரே திசை. பஞ்சு அதில் சுற்றிக்கொள்ள முடியாது, மேலே படியத்தான் முடியும். மேலிருந்து கீழே ஒரு பிரஷ் இழுத்தால் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு வந்துவிடும். வலையில் இல்லாத குணம் இது. தறியோடு நாற்பது வருஷம் இருந்த கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

எடுத்தது நாற்பதாம் நம்பர் அச்சு. ரெண்டு இஞ்சுக்கு நாற்பது இடைவெளி என்று கணக்கு. ரெண்டு இஞ்சில் எண்ணும் இந்த முறைக்கு இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட் என்ற நெசவூரின் பெயர். அந்த மான்செஸ்டரில்தான் 1948 ஜூன் 21-ஆம் தேதி, தன் நினைவகத்திலேயே நிரலை வைத்துக்கொண்டு ஓடிய முதல் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் வேலை செய்தது. அதற்கும் பெட்டி இல்லை, தபால்துறையின் திறந்த இரும்புச் சட்டங்களில் வால்வுகளை மாட்டியிருந்தார்கள். இன்னொன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இஞ்சுக்கு இருபது இடைவெளி என்றால் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் 1.27 மில்லிமீட்டர். கம்ப்யூட்டர் பலகையின் முள் இடைவெளி 2.54. சரியாக ரெண்டு கம்பி. ஒரு ராத்திரி இணைப்பு முட்களின் வரிசையை அச்சின் விளிம்பில் வைத்துப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்றாக ஒவ்வொரு முள்ளும் ஓர் இடைவெளிக்கு நேராக நின்றது.

அச்சை வெட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை. நாலரை அடி நீளத்திலிருந்து எனக்கு வேண்டியது பத்து இஞ்ச். முதல் அச்சில் ரம்பம் வைத்ததும் சட்டம் பிளந்து, கம்பிகள் துடைப்பம் பிரிந்த மாதிரி பட்டறைத் தரை முழுக்கச் சிதறின. ஒவ்வொன்றும் பிளேடு மாதிரி. பொறுக்கி எடுத்தபோது ரெண்டு விரலில் ரத்தம். ரெண்டாவது அச்சுக்கு அண்ணா அவசரப்படவில்லை. வெட்ட வேண்டிய இடத்துக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் பட்டையை மேலும் கீழும் வைத்து, இடுக்கி போட்டு இறுக்கி, கம்பியின் முனைகளில் அரால்டைட் ஊற்றி ஓர் இரவு விட்டுவிட்டார். மறுநாள் நுண்ணிய பல்லுள்ள ரம்பத்தால் மெதுவாக இழுத்தார். ஒரு கம்பி விழவில்லை. வெட்டிய விளிம்பில் அரம் போட்டுப் பிசிறெடுத்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்த்த பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

அந்தப் பத்து இஞ்ச்தான் பெட்டியின் அகலத்தைத் தீர்மானித்தது. 120 மில்லிமீட்டர் ஃபேன் ரெண்டு அடுத்தடுத்து நின்றால் 240. அதை மூட பத்து இஞ்ச் அச்சு போதும். அச்சின் உயரம் சட்டத்தோடு சேர்த்து ஐந்து இஞ்ச், பெட்டியின் உயரமும் அதையொட்டியே. உள்ளே ஒரு பக்கம் பலகை படுத்திருக்கும், பக்கத்தில் எஸ்.எம்.பி.எஸ். ஒருக்களித்து நிற்கும். 170-உம் 63.5-உம் சேர்ந்தால் 233.5, சரியாக அடங்கும். கொள்ளளவு எட்டரை லிட்டர். சின்னப் பெட்டி செய்கிறவர்கள் உலகம் முழுக்க லிட்டரில்தான் பேசுவார்கள். ஆர்வலர்களே வரைந்து, மக்களிடம் முன்பணம் திரட்டிச் செய்த என்கேஸ் எம்1 பெட்டி 12.6 லிட்டர், அதற்குப் பின் ஜெர்மனியிலிருந்து வந்த ஏ4 7.2 லிட்டர். அவர்கள் சிறிதாக்கியது மேசையில் அழகாக இருக்க. எங்களுடையது சிறிதானது சுவரில் தொங்கிய அச்சின் உயரத்தால்.

ரெண்டு ஃபேனும் காற்றை உள்ளே தள்ளும். வெளியே இழுக்க ஒரு ஃபேனும் இல்லை. இதுதான் பழைய பெட்டிக்கும் இதற்கும் அடிப்படை வித்தியாசம். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் எல்லா இடுக்கு வழியாகவும் காற்று வெளியேறும், எந்த இடுக்கு வழியாகவும் உள்ளே வராது. காற்று நுழைய ஒரே வாசல், அந்த வாசலில் அச்சு.

பெட்டியின் உடல் ஆறு தகடு, 16 கேஜ் அலுமினியம். தகட்டை வளைக்கும் வசதி அண்ணாவிடம் இல்லாததால், எட்டு மூலைக்கும் எட்டுத் துண்டுகளை நான் வீட்டில் பிளாஸ்டிக்கில் அச்சிடுவது என்று ஏற்பாடு. தகடும் கடைசலும் அவர் பொறுப்பு, மூலைகள் என் பொறுப்பு.

முப்பரிமாண அச்சு என்று பெரிய பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் அது பசைத் துப்பாக்கியின் பேரப்பிள்ளை. ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர் தன் மகளுக்கு ஒரு பொம்மைத் தவளை செய்ய, பசைத் துப்பாக்கியில் பிளாஸ்டிக்கும் மெழுகும் கலந்து அடுக்கடுக்காக ஊற்றினார். அதிலிருந்து பிறந்த முறைக்கு 1989-இல் காப்புரிமை கேட்டார். அந்தக் காப்புரிமை 2009-இல் காலாவதியானது. அதற்கு முன்பே, 2005-இல், பாத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் போயர் தன் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரத்துக்கான ரெப்ரேப் திட்டத்தைத் தொடங்கி, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து வைத்தார். கதவுகள் ரெண்டும் திறந்ததால் லட்சக்கணக்கில் விலையிருந்த இயந்திரம் ஒரு சாதாரண மொபைல் விலைக்கு இறங்கியது. என் மேசையில் இருக்கும் எண்டர் 3 அந்த வம்சம். 220 மில்லிமீட்டர் சதுரத் தட்டு. ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் இழையை உருக்கி, கால் மில்லிமீட்டரைவிட மெல்லிய அடுக்குகளாகப் போட்டுக்கொண்டே போகும்.

முதல் எட்டு மூலைகளை பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன், கறுப்பு நிறம். பி.எல்.ஏ. மண்ணெண்ணெய்க் குடும்பம் இல்லை. சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையைப் புளிக்க வைத்து, தயிரில் இருக்கிற அதே லாக்டிக் அமிலமாக்கி, அதைக் கோத்துச் செய்வது. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தப் பிளாஸ்டிக் மேல் ஒரு பாசம். சட்டகத்தைப் பூட்டி, அளவு பார்க்க மாமா வீட்டுத் திண்ணையில் வைத்தேன். மே மாதம். மத்தியானம் வெயில் திரும்பி நேராக அதன் மேல் விழுந்திருக்கிறது. சாயங்காலம் வந்து பார்த்தால் ரெண்டு மூலைகள் திருகின் இறுக்கத்துக்கு வழிவிட்டு, தகடு ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பி.எல்.ஏ. அறுபது டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும். நிழலில் நாற்பதைத் தொடும் ஊரில் கறுப்புப் பொருள் வெயிலில் கிடந்தால் அந்த அறுபது தூரமில்லை.

பெட்-ஜி வாங்கினேன், தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கின் நெருங்கிய சொந்தம், எண்பது வரை தாங்கும். ஒரு மூலைக்கு மூன்று மணி நேரம் ஆனது. ராத்திரி கரண்ட் போனதில் ரெண்டு மூலை பாதியில் நின்றன. அவற்றையும் தூக்கிப் போடவில்லை, திருகு போடும் ஓட்டையில் பித்தளைப் புஷ்ஷை சால்டரிங் அயர்னால் சூடாக்கி இறக்கிப் பழக அவை உதவின. பிளாஸ்டிக்கில் நேரடியாக மரை போட்டால் நாலு தடவை கழற்றி மாட்டியதும் வழுக்கிவிடும். இந்தப் பெட்டியைப் பல வருஷம் பல பேர் கழற்றி மாட்டுவார்கள் என்று நினைத்துத்தான் எல்லாவற்றையும் செய்தேன்.

பலகைக்கு ஓட்டை போட்டதில் நான் செய்த தவறை மறைக்க முடியாது, தகட்டில் இன்னும் இருக்கிறது. பலகை சதுரம், ஆகவே நாலு ஓட்டையும் சதுரமாக இருக்கும் என்று நினைத்து நான்தான் சென்டர் பஞ்ச் அடித்தேன், அண்ணா டிரில் போட்டார். மூன்று கால்கள் உட்கார்ந்தன, நாலாவதுக்கு மேல் ஓட்டையே இல்லை. யு.எஸ்.பி., ஆடியோ துளைகள் இருக்கிற விளிம்பில் ஒரு மூலை ஓட்டை மட்டும் அந்தத் துளைகளுக்கு இடம்விட்டு 22.86 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. அளவுத் தாளில் தெளிவாக எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. ‘காகிதத்தை நம்பாம பலகையவே தகட்டு மேல வெச்சுப் பஞ்ச் அடிச்சிருக்கணும்’ என்றார் அண்ணா. திட்டவில்லை. தப்பான ஓட்டைக்குள் ஒரு அலுமினிய ரிவெட்டை வைத்து அடித்து, அரம் போட்டுச் சமமாக்கிக் கொடுத்தார். விரலால் தடவினால் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு சின்ன வட்டம் தெரியும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணி மலை முழுக்கக் காவடி, அடிவாரம் முழுக்கக் கூட்டம், பட்டறை பூட்டியிருந்தது. மூன்று நாள் மொட்டைத் தகடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் பெட்டி முழுதாக நின்றது.

போட்டவுடனே ஓடியது. எங்கள் சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்தது. அத்தை பெட்டியின் மேல் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். ‘சுருக்குங்குதுடா.’ எனக்கும் சுருக்கென்றது. பழைய பெட்டியில் பெயின்ட் அடித்த தகடு, முன்னால் பிளாஸ்டிக், யாருக்கும் எதுவும் தெரிந்ததில்லை. இதில் வெறும் அலுமினியம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் வடிகட்டியிலிருந்து ஒரு துளி மின்சாரம் எப்போதும் அதன் உடம்புக்குக் கசியும். அது எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். ஆபத்தில்லாத அளவு என்று புத்தகம் சொன்னாலும், அத்தையின் விரலுக்கு அதைச் சமாதானமாகச் சொல்ல நான் தயாராக இல்லை. சோதித்துப் பார்த்ததில் சுவர் சாக்கெட்டின் எர்த் பின்னில் உயிரே இல்லை. பின்கட்டில் போய்ப் பார்த்தால் எர்த் குழி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, கம்பியை மாற்றி, கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். பெட்டிக்குள்ளும் ஒரு குறை இருந்தது. என் பிளாஸ்டிக் மூலைகள் ஆறு தகடுகளையும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்துவைத்திருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு திருகின் அடியில் பச்சை வயரைக் கொடுத்து எல்லாவற்றையும் எஸ்.எம்.பி.எஸ். உடம்போடு கட்டினேன். பிறகு அத்தையைத் தொடச் சொல்லவில்லை, நானே பத்துத் தடவை தொட்டேன். அத்தை தானாக வந்து உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த எர்த் குழி எத்தனை வருஷமாகச் செத்துக் கிடந்ததோ. எட்டுத் தறி மோட்டாரும் அதே எர்த்தில்தான்.

ஆறு மாதம் கழித்துத் திறந்தேன். ப்ராசசர் மேல் தகடுகள் வெள்ளி நிறமாகவே இருந்தன. கீழ் மூலையில் கொஞ்சம் பொடித் தூசு, மண் தூசு, பஞ்சு இல்லை. அச்சின் வெளிப்பக்கம் அன்றைக்குச் சேர்ந்த பஞ்சு மெல்லிய மல்துணி மாதிரி படிந்திருந்தது. தினமும் தறி நிறுத்திய பிறகு, எட்டு அச்சுக்கும் போடுகிற அதே பிரஷ்ஷால் ஒன்பதாவதாக இதற்கும் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுக்கிறார் அத்தை. சுருண்டு வருவதை உருட்டிப் பஞ்சுச் சாக்கில் போடுகிறார்.

போன மாதம் பட்டறைக்குப் போயிருந்தேன். அம்மையார்குப்பத்திலிருந்து ஒருவர் தனக்கும் இப்படியொரு பெட்டி வேண்டுமென்று தன் தறி அச்சைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், அவருடையது அறுபதாம் நம்பர். ரொம்ப நெருக்கம், காற்று போதுமா என்று யோசித்து, ஃபேனை இன்னும் அரை இஞ்ச் பின்னால் தள்ளலாம் என்று மூவரும் பேசிக்கொண்டிருந்தோம். சுவரில் தறி உதிரிப் பாகங்களின் அட்டை மாதிரிகள் ஆணியில் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கு நடுவே எங்கள் பெட்டியின் பின்தகட்டு மாதிரியும் தொங்கியது. அதில் அண்ணாவின் கையால் தெலுங்கு எழுத்தில் ‘கம்ப்யூட்டர்’. அதன் கீழே தமிழில், 6 இஞ்ச் 2 நூல்.